அடுப்பும் கிணறும் இடம் மாறிய கதை

மாமல்லபுரத்தில் ஏறத்தாழ 1,300 ஆண்டுகளாக ஒரு சுவரைக்கூட யாரும் இடித்து மாற்றாத வீடுகள் சில உண்டு. ஐந்து ரதங்கள்தான் அவை. கோயில்களாகவே அவற்றைச் செதுக்கினார்கள் என்றாலும், உருவத்தை எடுத்துக்கொண்டது அன்று கண்முன் இருந்த கட்டடங்களிலிருந்து. திரௌபதி ரதத்தின் கூரை ஓலை வேய்ந்த குடிசையின் கூரை. பீம ரதம் நீளச் செவ்வகம். முன்னால் தூண் வைத்த தாழ்வாரம், மேலே கூண்டு வண்டிக் கூரை. சகாதேவ ரதத்தின் பின்புறம் அரைவட்டமாக வளைந்திருக்கும். மரத்திலும் மூங்கிலிலும் ஓலையிலும் கட்டிய மூலங்கள் மண்ணோடு போய்விட்டன. அச்சு மட்டும் பாறையில் தங்கிவிட்டது. சிற்பிகள் உச்சியிலிருந்து தொடங்கிக் கீழே செதுக்கி வந்தார்கள். பாதியில் மனம் மாறி ஒரு அறையைத் தள்ளிப்போட வழியில்லை. பீம ரதத்தின் அடிப்பகுதி இன்றைக்கும் முடியாமல்தான் நிற்கிறது.

ரதங்களைத் தாண்டி ஊருக்குள் வந்தால் நேர் எதிர்க் கதை. மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், திருப்போரூர், திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு என்று எந்தத் தெருவில் நூறு வயதுள்ள வீட்டுக்குள் நுழைந்தாலும், கட்டியவர் இன்று வந்தால் அவருக்கே வழி தெரியாது. திண்ணை கடையாகியிருக்கும். முற்றத்தின் மேல் தளம் விழுந்திருக்கும். கொல்லைக்கோடியில் இருந்த கழிப்பறை படுக்கையறைக்குள் வந்திருக்கும். நாகரிகம் மாறிவிட்டது, ரசனை மாறிவிட்டது என்று இதற்குக் காரணம் சொல்வது வழக்கம். ரசனையின் பங்கு உண்மையில் கொஞ்சம்தான். இந்தப் பகுதியின் வீடுகளை உள்ளே புரட்டிப் போட்டது தண்ணீர், நெருப்பு, கழிவு ஆகிய மூன்றும் வந்து போகும் வழி மாறியதே. நாலாவதாகச் சொத்துப் பிரிவினையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பழைய வீட்டைப் பற்றிய எழுத்துச் சான்று செங்கல்பட்டு மாவட்டத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. ஆற்காடு நவாப் முகமது அலி 1763இல் செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கையில் வந்த சீமையில் என்ன இருக்கிறது என்று கணக்கெடுக்கும் வேலை கம்பெனியைச் சேர்ந்த தாமஸ் பர்னார்டிடம் வந்தது. 1767 முதல் 1774 வரை சுமார் 2,000 ஊர்கள் அளக்கப்பட்டன. ஊர்க் கணக்கர்கள் ஓலையில் எழுதி வைத்த கணக்குகளும் மிஞ்சியிருக்கின்றன. திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய ஊர்களின் ஓலைக் கணக்குகளைச் சென்னையிலுள்ள கொள்கை ஆய்வு மையம் பதிப்பித்திருக்கிறது. ஏரி, தோப்பு, கோயில், உப்பளம் என்று நிலத்தைப் பிரித்து எழுதும்போது வீடும் புழக்கடையும் சேர்ந்தே ஒரு கணக்கில் வருகின்றன. வீடு என்றால் கூரைக்குக் கீழே இருப்பது மட்டும் என்று அந்தக் கணக்கர்கள் நினைக்கவில்லை. அவர்கள் நினைத்தது சரிதான். வேலையில் பாதி நடந்தது புழக்கடையில்.

வசதியான குடும்பத்து வீட்டின் அமைப்பு நீளவாக்கில் ஓடும். தெருவை ஒட்டித் திண்ணை. அதைத் தாண்டினால் நடை, சில வீடுகளில் அதற்கு ரேழி என்று பெயர். பிறகு முற்றமும் அதைச் சுற்றித் தாழ்வாரமும். ஒரு பக்கம் கூடம், ஓரமாக இரண்டு சின்ன அறைகள். அதற்குப் பின்னால் அடுப்பங்கரை, பின்கட்டு, கிணறு, தோட்டம். கோடியில் கழிப்பறை, அதற்கும் பின்னால் ஒரு சந்து. மனை பத்துப் பதினைந்து அடி அகலமாக இருந்தாலும் நீளம் தெருவுக்குத் தெரு போகும்.

வரிசைக்குக் காரணம் உண்டு. முற்றம் இருந்தால்தான் பக்கச் சுவரில் சன்னல் இல்லாத வீட்டுக்கு வெளிச்சமும் காற்றும் வரும். விறகுப் புகை கூடத்துக்கு வராமலிருக்க அடுப்பு பின்னால் போக வேண்டும். அடுப்புக்குப் பக்கத்தில் கிணறு வேண்டும். சாதியும் இந்த வரிசையில்தான் எழுதியிருந்தது. யார் திண்ணையோடு நிற்க வேண்டும், யார் நடைவரை வரலாம், யார் கூடத்தில் உட்காரலாம், யார் பின்வாசல் வழியாக மட்டுமே வர வேண்டும் என்பதை ஒவ்வொரு நிலைப்படியும் சொன்னது. பெண்கள் ஆண்களின் கண்ணில் படாமல் நாளெல்லாம் வேலை செய்யப் பின்கட்டு இருந்தது. அந்த வீட்டு அமைப்பை நினைத்து ஏங்குகிறவர்கள் இந்தப் பாதியைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

அறைகள் ஏன் அத்தனை குறுகல் என்ற கேள்விக்குப் பதில் கூரையில் இருக்கிறது. கடற்கரைக் குடிசைக்குப் பனைமரச் சட்டமும் பனையோலையும். ஓட்டு வீட்டுக்கு முதலில் கையால் செய்த நாட்டு ஓடு. பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் தொடங்கிய ஆலைக்குப் பிறகு சீமை ஓடு பரவியது. காசுள்ளவர்கள் போட்டது மெட்ராஸ் டெரஸ். ஒன்றரை அடி இடைவெளியில் தேக்கு உத்தரங்கள், அவற்றின் மேல் மெல்லிய சின்னச் செங்கற்களைச் சாய்வாக, குத்துவாக்கில் நெருக்கி நிறுத்தி, சுண்ணாம்புக் கலவை போட்டு, மேலே தட்டோடு பதிப்பார்கள். கழிமுகங்களில் வாரிய கிளிஞ்சலைச் சுட்ட சுண்ணாம்பு அதற்கு வாகாக இருந்தது. உத்தரம் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் அறையின் அகலம். பத்து அடி, மிஞ்சினால் பன்னிரண்டு. கூரையின் முழுப் பாரமும் சுவரில் இறங்கும். ஆகவே சுவர் ஒன்றரை அடிக் கனம்.

அதனால்தான் பழைய வீட்டில் ‘இந்தச் சுவரை எடுத்துவிட்டால் ஹால் பெரிசாகிவிடும்’ என்று உரிமையாளர் சொல்லும்போது மேஸ்திரி உடனே தலையாட்டுவதில்லை. அவர் முதலில் அண்ணாந்து பார்ப்பார். உத்தரத்தின் முனை எந்தச் சுவருக்குள் போகிறதோ அந்தச் சுவர் தாங்கு சுவர். உத்தரத்துக்கு இணையாக ஓடுவது பெரும்பாலும் வெறும் தடுப்பு. முனையைச் சுத்தியல் பிடியால் தட்டிப் பார்ப்பார். கணீரென்றால் மரம் உயிரோடு இருக்கிறது. சத்தம் பொத்தென்று வந்தால் சுவருக்குள் மழைநீர் இறங்கி மரம் இற்றுப்போயிருக்கிறது. தாங்கு சுவரை எடுத்தே ஆக வேண்டுமென்றால் இருபுறமும் சவுக்குக் கம்புகளால் முட்டுக் கொடுத்து, சுவரின் மேற்பகுதியில் பாதிக் கனத்துக்குத் துளை வெட்டி ஒரு இரும்பு கர்டரைச் செருகி, இடுக்கை இறுக்கி அடைத்து, பிறகு மறுபாதியில் இன்னொன்றைச் செருகுவார்கள். அது பாரம் வாங்கிய பிறகுதான் கீழேயுள்ள கல்லில் கை வைப்பது. அந்தச் சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசினால் வேறு தொல்லை. சுவருக்குள் உள்ள ஈரம் வெளியேற வழியின்றித் தங்கும். கடலோரத்தில் இரண்டே மழைக்காலத்தில் உப்புப் பூத்துப் பூச்சு பொரிந்து விழும்.

இந்த மாவட்டத்தில் ஒரு தொழில் தன் வீட்டைத் தானே வரைந்தது. காஞ்சிபுரமும் செங்கல்பட்டும் 2019 வரை ஒரே மாவட்டத்தில்தான் இருந்தன. அங்கே பட்டு நெசவாளர் வீட்டின் நடுநாயகம் மனிதர் அல்ல, தறி. குழித்தறிக்குத் தரையைத் தோண்ட வேண்டும். நெசவாளர் குழிவிளிம்பில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் விட்டு மிதிப்பார். கோர்வைக் கரை நெய்ய இன்னொருவர் பக்கத்தில் உட்கார வேண்டும், அவருக்கும் இடம் வேண்டும். பாவு நீளத்துக்கு அறை ஓட வேண்டும். நூல் நிறம் தெரிய வெளிச்சம் விழ வேண்டும். பாவு நீட்டுவதற்கு வீடு போதாது, விடியற்காலையில் தெருவே வீடாகும். பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய், தறி நின்றதும் அந்த வீடுகளில் முதலில் நடக்கும் ‘புதுப்பிப்பு’ குழியை மண் போட்டு மூடி டைல்ஸ் பதிப்பதுதான். தூங்க இடமின்றித் தறியைச் சுற்றி ஒடுங்கிக் கிடந்த குடும்பத்துக்கு அன்றுதான் ஒரு கூடம் கிடைக்கிறது.

மூன்று மாற்றங்களில் முதலில் கழிவு. உலர் கழிப்பறை இருந்த காலத்தில் அது வீட்டுக்கோடியில் இருந்ததற்கு நாற்றம் மட்டும் காரணமல்ல. மலம் அள்ளும் தொழிலாளி வீட்டுக்குள் கால் வைக்காமல் பின்சந்து வழியாக வந்து, சுவரின் கீழே விட்ட துவாரத்தில் வேலையை முடித்துக்கொண்டு போக வேண்டும். பழைய நகராட்சித் தெருக்களில் இரண்டு வரிசை வீடுகளுக்கு நடுவே ஒடுங்கிய சந்துகள் விட்டது இதற்காகத்தான். தண்ணீர் ஊற்றும் பீங்கானும் செப்டிக் டேங்கும் வந்ததும் கழிப்பறை தொலைவில் இருக்க வேண்டிய அவசியம் போயிற்று. உலர் கழிப்பறை கட்டுவதையும் மலம் அள்ள ஆள் வைப்பதையும் தடைசெய்யும் சட்டம் 1993இல் வந்தது. 2013இல் இன்னும் கடுமையான சட்டம். கழிப்பறை முதலில் கிணற்றடிக்கு வந்தது, பிறகு பின்கட்டுக்கு, கடைசியில் ‘அட்டாச்டு பாத்ரூம்’ ஆகப் படுக்கையறைக்குள். சந்துகளைப் பல ஊர்களில் இருபுறத்து வீட்டுக்காரர்களும் ஆளுக்குப் பாதியாக வளைத்துக்கொண்டார்கள்.

படுக்கையறைக்குள் கழிப்பறை வைப்பது பழைய வீட்டில் சுலபமில்லை. குழாய் சாய்வாக ஓடியாக வேண்டும். செப்டிக் டேங்க் கொல்லையில், படுக்கையறை முன்கட்டில். நடுவில் அறுபது அடி. சாய்வு கிடைக்க வேண்டுமென்றால் கழிப்பறைத் தரையை அரை அடி, முக்கால் அடி உயர்த்த வேண்டும். பழைய வீடுகளில் கழிப்பறைக்குப் படியேறிப் போகும் விசித்திரத்துக்குக் காரணம் இதுதான்.

அடுத்தது நெருப்பு. விறகடுப்பு இருக்கும்வரை அடுப்பங்கரை பின்னால்தான் இருக்க முடியும். புகைக்கு மேலே கூண்டு, விறகுக்கும் விராட்டிக்கும் பரண். கேஸ் அடுப்பு நகரத்து வீடுகளில் மெல்ல நுழைந்தது. 2006இல் ஆட்சிக்கு வந்த திமுக அரசு இலவசமாகக் கேஸ் அடுப்பு கொடுக்கத் தொடங்கியதும் கிராமத்துக்கும் போயிற்று. 2011 செப்டம்பரில் அதிமுக அரசின் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் தொடங்கியது. இந்தப் பொருள்களை அரசியல் கணக்காகவே எழுதிப் பழகிவிட்டோம். வீட்டு அமைப்பிலும் அவை கை வைத்தன. அம்மியும் ஆட்டுக்கல்லும் தரையோடு இருந்தவரை சமையல் என்பது உட்கார்ந்து செய்யும் வேலை. அரைக்க, நறுக்க, ஊத என்று எல்லாவற்றுக்கும் குந்தி எழ வேண்டும். மேடை போட்டு, கிரானைட் பதித்து, பிளக் பாயின்ட் வைத்ததும் சமையல் நின்று செய்யும் வேலையாயிற்று. புகை இல்லை, ஆகவே அடுப்பு முன்னால் வரலாம். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த சுவர் பாதியாகக் குறைந்து மேல்பகுதி திறந்தது. சமைக்கிறவர் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே சமைக்கலாம், வந்தவரோடு பேசலாம். பின்கட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்த பெண்களைக் கூடத்துக்குக் கொண்டுவந்ததில் சீர்திருத்தப் பேச்சுக்கு எவ்வளவு பங்கோ, சிலிண்டருக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

மூன்றாவது தண்ணீர். கிணற்றில் மோட்டார், மாடியில் தொட்டி, அறைக்கு அறை குழாய் என்று வந்ததும் துவைப்பதும் துலக்குவதும் குளிப்பதும் கூரைக்குள் வந்துவிட்டன. முற்றத்துக்கு வேலை குறைந்தது. அது மூடிய விதம் ஊருக்கு ஊர் ஒரே படிகள்தான். முதலில் திருடனுக்கும் குரங்குக்கும் பயந்து மேலே இரும்புக் கிராதி. பிறகு காக்கை எச்சத்துக்கு வலை. பிறகு சாரலுக்குக் கண்ணாடியிழைத் தகடு. கடைசியில் மேலே ஒரு மாடி எழுப்பக் கான்கிரீட் தளம். தளம் விழுந்த அன்று வீட்டின் நடுப்பகுதி இருட்டாயிற்று. பகலில் ட்யூப்லைட்டும் இரவு பகலாக மின்விசிறியும் தேவைப்பட்டன. சுற்றிலும் இருந்த நான்கு கூரைகளின் மழைநீரையும் வாங்கி அண்டாவிலும் தொட்டியிலும் சேர்த்த முற்றம் போன பிறகு, 2003இல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு கட்டாயமாக்கியது. முற்றத்தை மூடிய வீடுகள் மாடியிலிருந்து பிவிசி குழாய் இறக்கி, ஜல்லியும் மணலும் கொட்டிய குழியில் விட்டன.

சொத்துப் பிரிவினைக்கு வருவோம். முற்றத்து வீட்டை இரண்டாகப் பிரிப்பது எந்தப் பொறியாளருக்கும் தலைவலி. அண்ணன் தம்பி இருவரும் தெருவாசல் கேட்பார்கள்; ஆகவே வீடு குறுக்கே அல்ல, நீளவாக்கில் பிளக்கும். முற்றத்தின் நடுவில் சுவர் எழும். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கிணறு பொது, நடை பொது, சுவர் பொது என்று எழுதுவார்கள்; ஐந்து வருடத்தில் பொது நடையில் யார் சைக்கிளை நிறுத்துவது என்று தகராறு வரும். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்ற தமிழகச் சட்டத் திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அன்று மணமாகாதிருந்த மகள்களுக்கு அது பொருந்தியது. 2005இல் மத்தியச் சட்டமும் மகள்களுக்குச் சம உரிமை தந்தது. இரண்டு பாகம் மூன்று பாகமாகும்போது பத்து அடி அகலத்து வீட்டை மேலே எழுப்புவதைத் தவிர வேறு வழியில்லை. மாடிப்படி வீட்டுக்குள் இருந்தால் மாடியை வாடகைக்கு விட முடியாது என்பதால் படி வெளியே வந்தது. வெளியே இருந்த ஒரே இடம் திண்ணை.

இத்தனைக்கும் நடுவில் சாஸ்திரம் தன் பங்கைக் கேட்காமல் விடுவதில்லை. மனையடி சாஸ்திரக் கணக்கில் உள்கூடு 6, 8, 10, 11, 16 அடிகள் நல்லவை. 7, 9, 14 ஆகாதவை. பழைய பதினாறு அடிக் கூடத்தை நடுவில் முக்கால் அடிச் சுவர் வைத்துப் பிரித்தால் இருபுறமும் ஏழரை அடிக்குச் சற்று மேல்தான் தேறும். ஏழிலும் சேராமல் எட்டிலும் சேராமல் நிற்கும் அறையைப் பார்த்து வீட்டுக்காரர் முகம் வாடும். மேஸ்திரி சுவரை ஒருபுறம் தள்ளி, ஒன்றை எட்டாக்கி, மிச்சத்தை ஆறாகக் குறைத்து, நடுவில் கிடைத்த இடத்தில் அலமாரி வைத்துக் கொடுப்பார். அலமாரியின் முதுகும் சுவர்தான் என்பதால் கணக்கு சரி. அடுப்பை அக்னி மூலையான தென்கிழக்குக்கு மாற்றும் வேலையும் நிறைய நடந்தது. அதற்காகக் குழாய்களையும் சாக்கடையையும் மறுபடி தோண்டியவர்கள் ஏராளம்.

இந்த ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் ஒரு முயற்சி முட்டுக்காட்டில் நடந்தது. மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் அமைப்பை 1984இல் தொடங்கிய டெபோரா தியாகராஜன், தென்னாட்டு வீடுகள் இடிபட்டு மரம் மரமாக விலைபோவதைப் பார்த்து அவற்றையே காட்சிக்கூடமாக்க நினைத்தார். லாரி பேக்கர் மனையை வடிவமைத்தார். அவரிடம் பயின்ற பென்னி குரியாகோஸ் கட்டடப் பணியைக் கவனித்தார். சுமார் பத்து ஏக்கரில் 1996 டிசம்பரில் தக்ஷிணசித்ரா திறந்தது. செட்டிநாட்டு வணிகர் வீடு, காஞ்சிபுரத்து நெசவாளர் வீடு, திருநெல்வேலிப் பக்கத்து அக்ரகார வீடு, கேரளத்து சிரியன் கிறிஸ்தவர் வீடு என்று பலவும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. அளவெடுத்து, மரங்களுக்கு எண் போட்டு, பிரித்து, லாரியில் ஏற்றி, இங்கே வந்து மறுபடி கோத்தார்கள்.

அங்கே எழுந்த கேள்விதான் சுவாரசியமானது. ஒரு வீட்டை ‘பழைய நிலைக்கு’ மீட்பது என்றால் எந்தப் பழைய நிலைக்கு? மூன்று தலைமுறை வாழ்ந்த வீட்டில் தாத்தா கட்டியது ஒன்று, அப்பா சேர்த்த மாடி ஒன்று, பேரன் வைத்த தடுப்பு ஒன்று. காட்சிக்கூடம் ஒரு காலத்தைத் தேர்ந்துகொண்டு மற்றவற்றைக் கழிக்கலாம், அங்கே யாரும் சமைத்துத் தூங்கப் போவதில்லை. குடியிருக்கும் வீட்டுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் தக்ஷிணசித்ரா திண்ணையில் உட்கார்ந்து படமெடுத்துக்கொள்ளும் அதே நேரத்தில், பத்து கிலோமீட்டர் சுற்றளவில் எங்கோ ஒரு திண்ணை இடிபட்டுக் கார் நிறுத்துமிடமாகிக்கொண்டிருக்கும்.

மாமல்லபுரத்துக்காரர்களுக்கு வேறு ஒரு சிக்கலும் உண்டு. 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னமான ஊர் அது. தொல்சின்னங்கள் சட்டத்துக்கு 2010இல் வந்த திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி; அதற்கும் அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. முதல் வட்டத்துக்குள் புதுக்கட்டுமானம் கூடாது. இருக்கிற வீட்டைப் பழுதுபார்க்கலாம், புதுப்பிக்கலாம், அதற்கும் முன் அனுமதி வேண்டும். இருக்கிற கட்டடத்தின் நீள அகல உயர எல்லை தாண்டக் கூடாது. ஊரெங்கும் சின்னங்கள் சிதறிக் கிடப்பதால் இந்த வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து பல தெருக்களை மூடிவிடுகின்றன. கடற்கரைப் பக்கம் போனால் கடலோர ஒழுங்குமுறை விதிகள் வேறு.

மேலே எழுப்ப முடியாது, பக்கத்தில் நீட்ட முடியாது. மகனுக்குக் கல்யாணம் என்றால் இருக்கிற நான்கு சுவருக்குள்ளேயே ஒரு அறை பிறக்க வேண்டும். சிற்பக் கடை வைத்திருப்பவர் நடையைக் கடையோடு சேர்ப்பார். விருந்தினருக்கு அறை விடுகிறவர் பின்கட்டை இரண்டாகத் தடுத்து ஆளுக்கொரு குளியலறை வைப்பார். கூடம் ஒடுங்கும், அடுப்பு இன்னொரு முறை இடம் மாறும். அனுமதி கேட்டு விண்ணப்பிக்க, இருக்கும் வீட்டின் வரைபடமும் செய்யப்போகும் மாற்றத்தின் வரைபடமும் வேண்டும். கொத்தனார் கயிறு பிடித்துத் தரையிலேயே கோடு போட்டுக் கட்டிய அந்த வீடுகள் பலவற்றுக்கு வரைபடம் என்று ஒன்று இருந்ததே இல்லை. ஆகவே பொறியாளர் ஒருவர் லேசர் மீட்டரோடு வந்து, முடிந்தால் உரிமையாளரின் தாயாரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, எந்தச் சுவர் எப்போது வந்தது என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொள்கிறார்.